கிறிஸ்தவத் தாழ்மை என்பது என்ன? ஆண்களுக்கு ஓர் எளிய விளக்கம்

"அந்தப் பிரதர் ரொம்பத் தாழ்மையானவர்" என்று சபையில் யாரைப் பற்றியாவது சொன்னால், நம் மனதில் எழும் உருவம் பெரும்பாலும் ஒன்றுதான். மெல்லிய குரல், கட்டிய கை, குனிந்த தலை. பாராட்டினால் "நான் ஒண்ணுமே இல்ல பிரதர், எல்லாம் கர்த்தர்" என்பார். யார் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசமாட்டார். இப்படிப்பட்டவர்களில் பலர் உண்மையிலேயே நல்லவர்கள். ஆனால் இந்த அடையாளங்களில் ஒன்றுகூடத் தாழ்மைக்குச் சான்று ஆகாது. சிலருக்கு அது சுபாவம், சிலருக்குக் கூச்சம், சிலருக்குப் பயம். இன்னும் சிலருக்கு, சொல்லத்தான் வேண்டும், நல்ல நடிப்பு. அதே ஆள் வீட்டில் ரசத்தில் உப்புக் கூடிவிட்டது என்று தட்டைத் தள்ளிவிடுகிறவராகவும் இருக்கலாம். அது சபைக்குத் தெரியாது, மனைவிக்குத்தான் தெரியும்.

இந்தக் குழப்பத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. "தாழ்மையாக இருந்தால் பிழைக்க முடியுமா? ஆபீசில் ஏறி மிதிப்பார்கள், பிள்ளைகள்கூட மதிக்கமாட்டார்கள்" என்று நினைக்கிற ஆண்கள் நிறைய. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு குணம், திங்கள் முதல் சனி வரை வேறு குணம் என்று பிரித்து வைத்துக்கொள்கிறார்கள். குனிவதே தாழ்மை என்று இரண்டு தரப்பாருமே நம்புவதால் வரும் வினை இது.

பந்தியில் வாளி தூக்குபவர்

ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். மதியப் பந்தி ஓடிக்கொண்டிருக்கிறது, பரிமாற ஆள் போதவில்லை. பெண்ணின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியைக் கையில் வாங்குகிறார். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க" என்று இலை இலையாகக் கேட்டுக்கொண்டே போகிறார். அவரைப் பார்த்து யாரும் சமையல் ஆள் என்று நினைப்பதில்லை. அவருக்கும் கௌரவம் போய்விட்டதாகத் தோன்றுவதில்லை. அன்றைக்கு அந்த மண்டபத்தில் முக்கியமானவர் அவர்தான். அது அவருக்கும் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும். அதனால்தான் வாளி அவருக்குக் கனக்கவில்லை.

அதே பந்தியில் இன்னொருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாப்பிள்ளைக்குத் தூரத்துச் சித்தப்பா முறை. வாசலில் "வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, போட்டோவுக்குக் கூப்பிடவில்லை என்று குறை. அவர் கையில் அந்த வாளியைக் கொடுத்துப் பாருங்கள். அடுத்த பத்து வருஷத்துக்குச் சொந்தத்தில் அதுதான் பேச்சாக இருக்கும். அவர் கெட்டவர் இல்லை. அங்கே தனக்கு என்ன இடம் என்பது அவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. இல்லாத இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதிலேயே அவருடைய சாப்பாட்டு நேரம் போய்விடுகிறது.

கிறிஸ்தவத் தாழ்மை அந்த அப்பாவின் பக்கத்தில் இருக்கிறது. தன் இடம் உறுதியாகிவிட்ட ஒருவர், அதைக் காப்பாற்றும் வேலையிலிருந்து விடுபட்டு, அடுத்தவருக்காகக் கீழே இறங்குவதுதான் தாழ்மை. கத்தோலிக்கர் தாழ்ச்சி என்பார்கள், பொருள் இதுதான். கடைசிவரை இந்த அர்த்தத்திலேயே இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறேன்.

கால் கழுவுவதற்கு முன்னால் வரும் ஒரு வரி

இயேசு தம் சீஷர்களின் கால்களைக் கழுவியது எல்லோருக்கும் தெரிந்த சம்பவம். யோவான் சுவிசேஷம் 13-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மண் தெருவில் செருப்போடு நடந்து வருகிறவர்களின் காலைக் கழுவுவது அந்தக் காலத்தில் அடிமை செய்யும் வேலை. அன்று அந்த அறையில் அடிமை யாரும் இல்லை, சீஷர்களில் ஒருவரும் எழவில்லை. எழாமல் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? தங்களில் யார் பெரியவன் என்று அதே இராவுணவின்போது அவர்களுக்குள் வாக்குவாதம் நடந்ததாக லூக்கா எழுதியிருக்கிறார்.

நாம் வேகமாகத் தாண்டிப் போகிற இடம் ஒன்று இதில் இருக்கிறது. கால் கழுவியதைச் சொல்வதற்கு முன் யோவான் ஒரு வரி எழுதுகிறார். பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்திருக்கிறார், தாம் தேவனிடத்திலிருந்து வந்தவர், தேவனிடத்திற்கே திரும்பப் போகிறவர் என்று இயேசு அறிந்திருந்தார் என்கிறார். அதை அறிந்தவராகத்தான் எழுந்தார், மேலாடையைக் கழற்றி வைத்தார், துண்டை இடுப்பில் கட்டினார். முதலில் தாம் யார் என்ற நிச்சயம், பிறகுதான் துண்டு. இந்த வரிசையை மாற்றிவிட்டால் தாழ்மை வெறும் சடங்காகிவிடும்.

கழுவி முடித்த பிறகு அவர் சொன்னதையும் கவனிக்க வேண்டும். நீங்கள் என்னைப் போதகர் என்றும் ஆண்டவர் என்றும் சொல்கிறீர்கள், அது சரிதான் என்கிறார். "ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீர்கள்" என்று மறுக்கவில்லை. தம் நிலையை ஒப்புக்கொள்கிறார், அந்த நிலையில் இருந்துகொண்டே கழுவுகிறார். காட்டிக்கொடுக்கப் போகிற யூதாஸின் கால்களும் அன்று கழுவப்பட்டவைதான்.

சரி, அவருக்கு அந்த நிச்சயம் இருந்தது. கடன் தவணையும் மேனேஜரின் முகச்சுளிப்பும் உள்ள சாதாரண மனிதனுக்கு அது எங்கிருந்து வரும்? கிருபையிலிருந்து என்பது கிறிஸ்தவ விசுவாசத்தின் பதில். கிருபை என்பது நம் தகுதியைப் பார்க்காமல், நாம் சம்பாதிக்காமல், கடவுள் காட்டும் தயவு. என் மதிப்பை நானே சம்பாதித்திருந்தால் அதைப் பற்றிப் பெருமையடிக்கலாம், அது போய்விடுமோ என்று பயப்படவும் வேண்டும். கொடுக்கப்பட்டதாக இருந்தால் இரண்டுக்கும் வழியில்லை. சம்பளமோ பதவியோ சாதியோ உறவுக்காரர் பேச்சோ அதைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. இதை உண்மையிலேயே நம்புகிற ஆணுக்கு "என்னை ஒருவன் மதிக்கவில்லை" என்பது வருத்தமாக இருக்கலாம், ஆனால் தலைபோகிற விஷயமாக இருக்காது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: தாழ்மை குறைவிலிருந்து பிறப்பதில்லை. கிருபையால் தன் இடம் நிச்சயமானவருக்கு அந்த இடத்தைக் காவல் காக்க வேண்டிய தேவை இல்லை. கை காலியாக இருப்பதால் அவரால் துண்டை எடுக்க முடிகிறது.

தன்னை மட்டம் தட்டிக்கொள்வது

நன்றாகக் கீபோர்டு வாசிக்கிற ஒருவர் "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொன்னால் அதற்குப் பெயர் பொய். சுற்றியிருப்பவர்கள் "இல்லையில்லை, உங்களைப் போல உண்டா" என்று கெஞ்ச வேண்டியிருக்கும். அவர் எதிர்பார்ப்பதும் பல நேரம் அதைத்தான். ஆதிச் சபையின் அப்போஸ்தலரான பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தில், தன்னைக் குறித்து எண்ண வேண்டியதற்கு மிஞ்சி எண்ணாமல், தெளிந்த எண்ணத்தோடு இருக்கச் சொல்கிறார் (12:3). தன்னைக் கேவலமாக எண்ணச் சொல்லவில்லை. 13-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதை அழகாகப் பிரித்துக் காட்டினார். அளவுக்கு மீறித் தாவாமல் மனதை அடக்குவது தாழ்மை, பெரிய காரியங்களைச் செய்ய மனதைத் திடப்படுத்துவது பெருந்தன்மை, இரண்டும் ஒரே ஆளிடம் சண்டையில்லாமல் குடியிருக்கலாம் என்றார்.

எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ரவேலரை வெளியே கொண்டுவந்த மோசேயைப் பாருங்கள். பூமியிலுள்ள எல்லா மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்று எண்ணாகமம் 12 அவரைச் சொல்கிறது. பார்வோனின் முன்னால் போய் நின்று "என் ஜனங்களை விடு" என்று கேட்டவரும் இதே மோசேதான். அந்த வரி வருகிற இடமும் சுவாரஸ்யமானது. சொந்த அக்காவும் அண்ணனும் அவரைக் குறைசொல்கிறார்கள். அவர் தன் தரப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா மிரியாம் குஷ்டரோகத்தால் பீடிக்கப்பட்டபோது அவளுக்காகக் கெஞ்சி ஜெபிக்கிறார். அடிமைப்பட்ட மக்களுக்காக வாய் திறந்தவர் தன் கௌரவத்துக்காக வாய் திறக்கவில்லை. நம்மில் பலரிடம் இது தலைகீழாக இருக்கிறது. யாருக்கு என்ன அநியாயம் நடந்தாலும் மௌனம், நம் பெயரை நோட்டீசில் போடவில்லை என்றால் ஆவேசம்.

பரிசேயனும் ஆயக்காரனும் ஜெபிக்கப் போன கதையும் (லூக்கா 18) இங்கே வரவேண்டும். பரிசேயர் என்பவர்கள் மத ஒழுங்கைக் கறாராகக் கடைப்பிடித்த யூதக் குழுவினர். ஆயக்காரர் ரோம ஆட்சிக்காக வரி வசூலித்தவர்கள், மக்களின் வெறுப்புக்கு ஆளானவர்கள். வாரம் இரண்டு முறை உபவாசம், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை என்று பரிசேயன் சொன்னது பொய் என்று கதையில் எங்கும் இல்லை. ஆனால் ஜெபத்துக்கு நடுவில் அவன் கண் பக்கத்தில் நிற்பவன் மேல் போகிறது: "இந்த ஆயக்காரனைப் போல நான் இல்லை." ஆயக்காரனின் ஜெபத்தில் பரிசேயனைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. இந்தக் கதையைக் கேட்டுவிட்டு "நல்லவேளை, நான் அந்தப் பரிசேயனைப் போல இல்லை" என்று நினைக்காதவர் உண்டா என்பது வேறு விஷயம்.

பெருமை இப்படித்தான், துரத்தினால் பின்வாசல் வழியாக வரும். விருந்தில் முதல் இடத்தில் போய் உட்காராதே என்று இயேசு சொன்னதைப் பின்பற்றிக் கடைசி வரிசையில் உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். உட்கார்ந்துவிட்டு, மேடையிலிருந்து யாராவது கூப்பிட வருகிறார்களா என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கடைசி இடம் அவர்களுக்கு முதல் இடத்துக்கான வெயிட்டிங் லிஸ்ட்.

வெறுமையாக்குதல்

கிறிஸ்தவர்கள் தாழ்மை பற்றிப் பேசும்போது அதிகம் திருப்பிப் பார்க்கும் பகுதி, பிலிப்பி ஊர் விசுவாசிகளுக்குப் பவுல் எழுதிய கடிதத்தின் 2-ஆம் அதிகாரம். தேவனுடைய ரூபமாயிருந்தவர் தம்மை வெறுமையாக்கி, அடிமையின் ரூபம் எடுத்து, சிலுவை மரணம் வரைக்கும் தம்மைத் தாழ்த்தினார் என்று பவுல் அங்கே எழுதுகிறார். வெறுமையாக்குதல் என்றால் தனக்கு உரிமையானதைத் தன் லாபத்துக்குப் பயன்படுத்தாமல் மற்றவர்களுக்காக விட்டுக்கொடுப்பது என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம். இறையியலாளர்கள் நூற்றாண்டுக் கணக்கில் விவாதித்த விஷயம் இது, நமக்கு இந்த அளவு போதும்.

இந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த ஊரைத் தெரிந்துகொண்டால் அதன் காரம் புரியும். பிலிப்பி மக்கெதோனியாவில் இருந்த ஒரு ரோமக் குடியேற்றம். ஓய்வுபெற்ற ரோமப் படைவீரர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்திய ஊர். ரோமக் குடியுரிமை, பதவி, பட்டம் என்று அடுக்கடுக்காகக் கௌரவம் பார்க்கும் இடம். சிலுவையோ அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் வைத்திருந்த தண்டனை, ரோமக் குடிமகனுக்குப் பொதுவாக அது கிடையாது. அப்படிப்பட்ட ஊர்க்காரர்களிடம் போய், நீங்கள் கும்பிடுகிறவர் படியேறிப் போனவர் இல்லை, படிப்படியாக இறங்கி அடிமையின் சாவு வரை போனவர் என்று எழுதுகிறார் பவுல். கௌரவமே மூச்சாக இருந்தவர்களுக்கு இது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இறங்குவதும் இரங்குவதும்

இறங்கி வருகிறவர் மேலேயே நின்றுகொண்டு கையை மட்டும் நீட்டினால் அது தாழ்மையா? இதற்கு ஒரு தமிழர் சொன்ன பதில் உலகச் சபைகளின் வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறது. வேதநாயகம் சாமுவேல் அசரியா திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர், ஒரு கிராமப் போதகரின் மகன். 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் பேச அழைக்கப்பட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய, அமெரிக்க மிஷனெரி உலகத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய தியாகத்தை அசரியா குறைத்துப் பேசவில்லை. ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையும் கொடுத்தீர்கள் என்று ஒப்புக்கொண்டார். அன்பும் வேண்டும், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். மேடையில் அப்படிப் பேச அன்று எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அவர் பணிவில்லாதவர் என்று முணுமுணுத்தவர்கள் இருந்திருக்கலாம். இரண்டு வருடம் கழித்து, 1912-ல், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக, இன்றைய தெலங்கானாவில் உள்ள தோர்ணக்கலுக்கு அபிஷேகம் செய்யப்பட்டார்.

உயிரையே கொடுக்க வந்தவர்களுக்குக்கூட ஒரே மேசையில் சமமாக உட்காருவது கடினமாக இருந்திருக்கிறது. உதவி செய்யும்போது நாம் மேலே, வாங்குபவர் கீழே. நண்பராகும்போது அந்த உயரம் போய்விடுகிறது. அதுதான் வலிக்கிறது.

வெள்ளைக்காரர்களை மட்டும் சொல்லி நாம் தப்பிக்க முடியாது. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று ஆணையிட்டபோது தஞ்சாவூரில் பலர் சபையை விட்டே விலகினார்கள். கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிக்கு ஒரு பக்கம் ஒதுக்கிய ஊர்கள் நம்மிடம் உண்டு. ஏழைகளுக்குப் போர்வை வாங்கித் தருகிற, உபவாசம் இருக்கிற, மேடையில் அழுது ஜெபிக்கிற ஒரு மனிதர் மகளின் கல்யாணப் பேச்சு வரும்போது முதல் கேள்வியாகச் சாதியைக் கேட்டால், அவருடைய இடம் கிருபையால் நிச்சயப்பட்டது என்று அவரே இன்னும் நம்பவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். போர்வைகள் அதை மாற்றாது.

வீட்டில், ஆபீசில், சபையில்

இறங்க வேண்டுமானால் முதலில் உயரத்தில் இருக்க வேண்டும். நம் சமூகத்தில் ஓர் ஆணுக்கு அவன் கேட்காமலே சில உயரங்கள் கிடைத்துவிடுகின்றன. வீட்டில் கடைசி வார்த்தை அவனுடையது. சூடான தோசை அவனுக்கு முதலில் வருகிறது. அவன் கோபத்துக்கு வீடே குரலைத் தணிக்கிறது. அவனுடைய தாழ்மை சோதிக்கப்படுவது இந்த இடங்களில்தான். தன்னைவிடப் பெரியவர் முன்னால் பணிவது யாருக்கும் வரும், அதற்கு விசுவாசம்கூடத் தேவையில்லை.

எபேசியர் 5-ஆம் அதிகாரம் கல்யாண வீடுகளில் தவறாமல் வாசிக்கப்படுகிறது. பெரும்பாலும் மனைவிகள் கீழ்ப்படிய வேண்டும் என்ற வசனத்தில் கொஞ்சம் அதிகமாக அழுத்தி வாசிப்பார்கள். அதற்கு முந்தைய வசனம் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியுங்கள் என்கிறது. கணவர்களுக்கான பகுதி மனைவிகளுக்கான பகுதியைவிட நீளமானது. கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்தது போல அன்புகூரச் சொல்கிறது. பிள்ளைகள் மேல் தகப்பனுக்குச் சட்டப்படியே பெரும் அதிகாரம் இருந்த ரோம உலகத்தில் எழுதப்பட்டது என்பதையும் சேர்த்து வாசியுங்கள். "நான் குடும்பத்தலைவன்" என்று சொல்லிக்கொள்பவருக்கு அங்கே கிடைக்கும் வேலை, முதலில் தன்னைக் கொடுப்பது.

நடைமுறையில் இது சின்னச் சின்ன விஷயமாகத்தான் வெளிப்படும். பிள்ளையைத் தப்பாகத் திட்டிவிட்டால் "அப்பா சொன்னது தப்பு" என்று பிள்ளையிடமே சொல்வது. "நீ கோபப்படுத்தினாய், அதனால்தான்" என்ற வாலை அதோடு சேர்க்காமல் சொல்வது, அதுதான் கஷ்டமான பகுதி. மனைவி சம்பாதிப்பது கூடினால் அதைத் தன் தோல்வியாக எண்ணாமல் இருப்பது. ஆபீசில் ஜூனியர் சொன்ன யோசனையை அவர் பெயரோடு மேலிடத்துக்குச் சொல்வது. சபைக் கமிட்டித் தேர்தலில் தோற்ற அடுத்த ஞாயிறும் ஆராதனைக்கு வருவது. (இதைச் செய்பவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் சபையிலேயே எண்ணிக்கொள்ளலாம்.)

6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் துறவிகளுக்காக ஒழுங்குநூல் எழுதிய புனித பெனடிக்ட், தாழ்மைக்குப் பன்னிரண்டு படிகளை வரிசைப்படுத்தினார். அதைவிட எனக்குப் பிடித்தது அவர் மடத்தலைவருக்கு வைத்த ஒரு விதி. முக்கியமான முடிவு எடுக்கும்போது எல்லாத் துறவிகளையும் கூட்டிக் கேட்க வேண்டும், ஏனென்றால் எது நல்லது என்பதைக் கடவுள் பல நேரம் இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்றார். முடிவு எடுக்கும் பொறுப்பு தலைவரிடமே இருக்கிறது, கேட்காமல் எடுக்கும் உரிமைதான் போய்விடுகிறது. வீட்டை விற்பதா, ஊர் மாறுவதா, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்து அறிவிக்கிற அப்பாக்களுக்கு இந்த விதி உடனே உதவும்.

இந்தப் பகுதியில் பார்த்தது: தாழ்மையை அளக்க வேண்டிய இடம் நமக்கு மேலே இருப்பவர்களிடம் நாம் காட்டும் பணிவு இல்லை. நமக்குக் கீழே இருப்பதாக நாம் நினைப்பவர்களிடம் நம் அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதுதான் அளவு.

யாரிடம் தாழ்மையைப் பேசக்கூடாது

இந்தச் சொல் அதிகமாகத் தப்பாகப் பயன்படுவது இங்கேதான். அடிவாங்கும் மனைவியிடம் "தாழ்மையாக இரும்மா, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பது. கூலி கேட்கிறவரிடம் "பொறுமை வேண்டும் தம்பி" என்பது. சபைக் கணக்கைக் கேட்ட வாலிபனிடம் "உனக்குத் தாழ்மை இல்லை" என்பது. மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் தாழ்மையைக் கேட்பதற்கு நாம் பார்த்த விளக்கத்தில் இடமே இல்லை. தாழ்மை ஒருவர் தானாக இறங்குவது. பிடித்துத் தள்ளினால் அதற்குப் பெயர் வேறு.

பிரதான ஆசாரியனின் விசாரணையில் ஒரு சேவகன் கன்னத்தில் அறைந்தபோது இயேசுவே பேசாமல் இருந்துவிடவில்லை. நான் தகாததைப் பேசியிருந்தால் அதைக் காட்டு, சரியாகப் பேசியிருந்தால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார் (யோவான் 18:23). திருப்பி அடிக்கவில்லை, ஆனால் அநியாயத்தை அநியாயம் என்று சொல்லாமலும் விடவில்லை.

பவுல் செய்தது இன்னும் வெளிப்படையானது, அதுவும் அதே பிலிப்பியில் நடந்தது. அவரையும் உடன் ஊழியர் சீலாவையும் விசாரணையே இல்லாமல் ஊர் நடுவில் பிரம்பால் அடித்து, தொழுமரத்தில் காலை மாட்டிச் சிறையில் போட்டார்கள். மறுநாள் காலையில் அதிகாரிகள் சேவகர்களை அனுப்பி, அவர்களைச் சத்தமில்லாமல் விட்டுவிடச் சொன்னார்கள். கிளம்பிப் போயிருக்கலாம். பவுல் மறுத்தார். ரோமக் குடிமக்களாகிய எங்களை விசாரிக்காமல் எல்லோர் முன்னாலும் அடித்துவிட்டு, இப்போது இரகசியமாக அனுப்புகிறார்களா? அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்றார். அதிகாரிகள் பயந்துபோய் நேரில் வந்து கேட்டுக்கொண்டார்கள். அதன் பிறகுதான் அவர் வெளியே வந்தார், அந்த ஊர் விசுவாசியான லீதியாளின் வீட்டுக்குப் போய் அங்கிருந்த விசுவாசிகளைப் பார்த்துத் தேற்றினார், ஊரைவிட்டுப் புறப்பட்டார். தம்மை வெறுமையாக்கியவரைப் பற்றிய அந்தக் கடிதத்தைப் பின்னாளில் அவரிடமிருந்து வாங்கி வாசித்தது இந்த ஊர் விசுவாசிகள்தான்.